தொட்டில் துணியும் தொழுகைத் தூய்மையும்



தூய்மை ஈமானின் பாதி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். கைக்குழந்தை உள்ள இல்லத்தில் அத்தூய்மையைப் பேணுவது எத்துணைக் கடினம் என்பதைத் தாய்மார்களே நன்கறிவர். பாங்கொலி கேட்கும் வேளையில்தான் மடியிலிருக்கும் மழலை ஆடையை நனைத்துவிடும். "உடுப்பு நஜீஸாகிவிட்டதே" என்று தொழுகையைத் தள்ளிப்போடும் தாய்மார்களும் உண்டு. கடைகளில் விற்கும் டயாப்பர் நம் வீடுகளில் இடம்பிடித்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாகும்.

ஆனால், சற்றே சிந்தியுங்கள். டயாப்பர் அசுத்தத்தை அகற்றுவதில்லை, மறைத்து வைக்கிறது. அது நிறைந்திருப்பதை அறிந்தும் குழந்தையைச் சுமந்து தொழுதால், நஜீஸையும் சேர்த்தே சுமக்கிறோம். அண்ணலார் தம் பேத்தி உமாமா (ரலி) அவர்களைச் சுமந்து தொழுத செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் காணப்படுகிறது. குழந்தையைச் சுமப்பது தடையன்று. அசுத்தத்தைச் சுமப்பதே தடை.

டயாப்பரின் உள்ளே இருப்பது என்ன? மேலும் கீழும் பிளாஸ்டிக் படலம், நடுவே மரக்கூழ், அதனுடன் நீரை உறிஞ்சிக் கூழாகும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் இரசாயனப் பொருள். நாளொன்றுக்கு ஐந்து என்று கணக்கிட்டாலும் ஈராண்டில் ஒரு குழந்தைக்கு 3,650 ஆகின்றன. ஒன்றின் விலை பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 36,500 ரூபாய்! இவ்வளவும் குப்பையாகி எங்கே போகின்றன?

நம் புதுக்கோட்டை மாவட்டம் ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பி வாழும் வறண்ட பூமி. வாய்க்காலில் எறிவது மழை வந்தால் கண்மாய்க்கு வரும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் பகுதிகளில் எறிவது கடலுக்குப் போகும். அக்கடலின் கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியாக்களைக் காக்கவே, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு காப்பகமாக அறிவித்தது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, மலம் தோய்ந்த டயாப்பரை நீர்நிலையில் வீசுவது எங்ஙனம் தகும்?

முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஜாவாத் தீவின் நிலை நமக்கோர் எச்சரிக்கை. டயாப்பரை எரித்தால் குழந்தையின் தோல் புண்ணாகும் என்ற மூடநம்பிக்கையால், அங்கே பலர் அவற்றை பிரந்தாஸ் ஆற்றில் எறிந்து வந்தனர். ஆற்றில் மிதந்த டயாப்பர்களை அள்ளி அகற்ற 2017-ஆம் ஆண்டில் தொண்டர்கள் அணி திரள வேண்டியதாயிற்று.

நம் நன்னிமார்களும் உம்மம்மாக்களும் பழைய வேட்டியையும் நூல் சேலையையும் கிழித்தே பிள்ளைகளை வளர்த்தார்கள். அம்முறைக்குத் திரும்புவது கடினமன்று. ஆயினும் துணி என்றாலே நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. துவைக்கும் முறையில்தான் அதன் நன்மை அடங்கியுள்ளது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் துறை 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதையே உரைத்தது. கொதிக்கும் நீரும் மின் உலர்த்தியும் பயன்படுத்தினால் துணியின் நன்மை குறைந்துவிடும். இயந்திரம் நிறையத் துணியிட்டுத் துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால், புவியை வெப்பமாக்கும் கேடு சுமார் 40 விழுக்காடு குறையும் என்று அது கணக்கிட்டது. நம் மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

இனி, மார்க்க முறைப்படி துவைப்பதைக் காண்போம். இங்கே ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். பால்குடி மாறாத தம் மகனை உம்மு கைஸ் (ரலி) அவர்கள் அண்ணலாரிடம் கொண்டு வந்தபோது, குழந்தை அவர்களின் ஆடையை நனைத்துவிட்டது. அண்ணலார் நீர் வரவழைத்து அவ்விடத்தில் தெளித்தார்கள். இதன்படி, இரண்டு வயதுக்குட்பட்டு, பாலன்றி வேறுணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீருக்கு, அவ்விடம் முழுதும் நனையுமாறு நீர் தெளித்தால் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. பெண் குழந்தையின் சிறுநீரைக் கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் இரண்டையும் கழுவ வேண்டும். மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும்.

நனைந்த துணியைக் கழுவாமல் வெயிலில் போட்டு எடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. காய்ந்துவிட்டதால் துணி சுத்தமாகிவிடாது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, ஓடும் நீரில் அல்லது மேலிருந்து நீர் ஊற்றி முதலில் அலச வேண்டும். அலசாமல் சிறு வாளியில் அமிழ்த்தினால் வாளி நீரும் நஜீஸாகிவிடும். அதன் பின்னரே சோப்பிட்டுத் துவைத்து, இறுதியில் சுத்தமான நீரில் அலச வேண்டும். முயன்று கழுவிய பின்னும் நீங்காத கறைக்கு மன்னிப்புண்டு. துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்க்காதீர்கள். அவை நீர் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். கழுவிய நீர் ஊருணியில் கலவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டஜன் துணிகள் இருந்தால் ஒரு குழந்தைக்குப் போதும். நனைந்தவுடன் மாற்றுவதே தோல் புண்ணாகாமல் காக்கும் வழி. துடைப்பதற்குக் கைக்குட்டையளவில் சிறு துண்டுகளைத் தனியே வைத்துக்கொண்டு, வெறும் நீரில் நனைத்துத் துடையுங்கள். பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். கடையில் விற்கும் ஈரத்தாள்கள் பலவற்றில் பிளாஸ்டிக் இழை உள்ளது. கழிப்பறையில் போட்டால் குழாயை அடைத்துவிடும்.

பயணத்துக்கோ, நோயுற்ற நாளுக்கோ டயாப்பர் தேவைப்பட்டால் அதில் குற்றமில்லை. மலத்தை அகற்றி, காகிதத்தில் நன்கு பொதிந்து, தனியே ஒப்படையுங்கள். பொதிந்தே தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளும் வகுத்தன. நம் பிள்ளையின் அசுத்தத்தை மற்றொரு மனிதர் வெறுங்கையால் பிரிக்கும் நிலையை உண்டாக்குவது நமக்கு அழகன்று.

இறுதியாக, ஆண்களுக்கும் ஒரு சொல். முன்பு கூட்டுக் குடும்பத்தில் பல கைகள் செய்த வேலை இது. இன்று கணவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, தனித்து வாழும் இளந்தாயின் தலையில் இச்சுமை முழுவதையும் ஏற்றிவிட்டு, "துணிதான் நல்லது" என்று உபதேசிப்பது நீதியாகாது. அண்ணலார் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ஊரிலிருக்கும் தந்தை ஒரு வேளைத் துணியையாவது அலசட்டும். வெளிநாட்டில் இருப்பவர் அதற்கான உதவிக்கு வழிசெய்யட்டும். அப்போதுதான் அந்தத் தாய் பாங்கொலி கேட்டவுடன் கவலையின்றி எழுந்து தொழ இயலும்.

நம் இல்லமும், நம் ஊரின் நீரும் நிலமும் தூய்மையுடன் விளங்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.