மன்னார்க் குடாக் கடற்காப்பகமும் மீனவர் வாழ்வும்

தமிழ் மக்கள் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த காலத்திலேயே, கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்றன. நெய்தற் பாக்களை வகுப்பறையிற் பயின்று அவற்றின் இரங்கற் சுவையில் ஈடுபடும் நாம், அந்நிலத்து மக்கள் இந்நாளில் எவ்வாறு வாழ்கின்றனர், அவர்தம் கடலுக்கு நேர்ந்தது யாது என்பவற்றை எண்ணிப் பார்ப்பது அரிது. நமது தென்கடலின் ஒரு பகுதியை அரசாங்கத்தார் காப்பகமாக்கியுள்ளனர். அதனால் மீனவர் பிழைப்புக்கு ஆக்கமோ கேடோ என்னும் வினா, அக்கரையூர்களில் இன்றும் ஓயவில்லை. அவ்வினாவை நடுவுநிலையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூத்துக்குடி முதல் இராமேசுவரத் தீவு வரையில், கரையினின்று பெரும்பாலும் 10 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலே, 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்தன. வான் தீவு, நல்லதண்ணித் தீவு, அப்பா தீவு, முயல் தீவு, குருசடைத் தீவு முதலியன அவற்றுட் சில. குருசடைத் தீவின் பெயரை உயிர்நூல் பயிலும் நம் நண்பர் நன்கறிவர். 1927-ஆம் ஆண்டிலேயே சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையார் அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனி வெளியீடொன்றை வெளிப்படுத்தினர். இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த நீருமாக 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. பின்னர் 1989-இல், இதனை நடுவாகக் கொண்டு 10,500 சதுர கிலோமீட்டர் பரந்த உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. பூங்கா என்பது நடுவிலுள்ள கருவறை போன்றது. உயிர்க்கோளக் காப்பகம் என்பது மக்களும் தொழிலும் உள்ளடங்கிய வெளித்திருச்சுற்றுப் போன்றது. இவ்விரண்டன் வேறுபாட்டை உணர்ந்தாலன்றிப் பின்வருவன விளங்கா.

இத்தீவுகளைக் காப்பானேன் என்று ஒருவர் வினவலாம். தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. அவற்றின் அருகே, வெயிலொளி அடித்தரை வரை புகும் நீரில், கடற்புல் படர்ந்துள்ளது. பவளம் என்பது கல்லன்று. எண்ணிறந்த சிற்றுயிர்கள் சுண்ணச் சத்தைக் கடல்நீரினின்று வாங்கித் தமக்குக் கட்டிக்கொண்ட உறையுள். அதன் பொந்துகளிற் களவா முதலிய மீன்கள் ஒதுங்குகின்றன. கடற்புல்லில் இறாற்குஞ்சும் நண்டுக்குஞ்சும் பகைவாய்ப் படாமல் வளர்கின்றன. ஓரா மீன் அதனிடையே மேய்கின்றது. ஆவுளியா எனப்படும் கடற்பசு அப்புல்லையே உண்டு வாழ்கின்றது. இளமையில் இங்கே வளர்ந்த உயிர்களுட் பல, பருவம் எய்தியபின் ஆழ்கடல் நோக்கிப் பெயர்ந்து, மீனவர் வலையில் வந்து விழுகின்றன. ஆகவே, தீவைச் சூழ்ந்த நீர் கடலின் விதைநெற் குதிர் என்க. பசி பொறாது விதைநெல்லைக் குற்றியுண்ட உழவனுக்கு அடுத்த ஆண்டில் விளைவேது?

அக்குதிரோ பல்லாண்டுகள் திறந்தே கிடந்தது. சுண்ணாம்புச் சூளைக்கும் கட்டடங்களுக்கும் வேண்டிப் பவளப்பாறையைக் கடப்பாரையால் உடைத்துத் தோணி தோணியாகக் கரையேற்றினர். பாறை என்பது மீனுக்கு வீடு மட்டுமன்று, தீவுக்கு அலைதாங்கியும் ஆகும். அதனை இழந்த மணற்றீவுகளை அலை அரித்தது. 21 தீவுகளுள் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. 2001-ஆம் ஆண்டில், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பவளங்கள் முழுக்காப்புப் பெற்றன. பிற்காலத்தே வான் தீவின் பரப்பும் பெரிதும் சுருங்கியமையின், அலையின் வேகம் தணிய அதன் முன்னே செயற்கைப் பாறைகளை அமைக்கலாயினர்.

நிற்க. இக்கடலில் மீன் பிடிப்போர் அனைவரையும் ஒரு தட்டிலிட்டு நிறுத்தல் முறையன்று. வள்ளமும் வத்தையும் செலுத்தித் தூண்டிலும் செவுள்வலையும் இடுவோர் உளர். ஊரார் கூடிக் கரைவலை இழுப்போர் உளர். முக்குளித்துச் சங்கெடுப்போர் உளர். வள்ளங்கள் பலவற்றிலும் இந்நாளில் எந்திரம் ஏறியுள்ளது. ஆயினும் அவர்தம் வலை, இன்ன மீனுக்கு இன்ன கண்ணளவு என வகுத்துக்கொண்டது. விசைப்படகின் இழுவைமடியோ அவ்வாறன்று. அது கடலின் அடித்தரையைச் சுரண்டிச் செல்வது; கடற்புல்லும் பவளமும் குஞ்சும் முட்டையும் அதற்கு ஒன்றே. சிறு மீனவன் ஒருநாள் முழுதும் காத்துக் கிடக்கும் இடத்தை அது ஒரு நாழிகையில் வழித்துச் சென்றுவிடும்.

சட்டம் உண்மையில் எளியோருக்குத் துணை நிற்பது இவ்விடத்தில்தான். தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் இயற்றப்பெற்றது. கரையினின்று 3 கடல் மைல், அஃதாவது ஏறத்தாழ 5½ கிலோமீட்டர் வரையுள்ள நீர் நாட்டுப்படகினர்க்கே உரியது. விசைப்படகு அதனுட் புகுந்து மீன் பிடித்தலாகாது. அன்றியும், 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருந்து வந்தது. 2017 முதல் கீழ்க்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக அது நீட்டிக்கப்பெற்றது. பூங்காவின் எல்லையும் இவ்விதிகளும் ஒன்றுகூடி நின்றால், நாட்டுப்படகினர்க்கு அவை அரணாகும். ஆனால், ஏட்டிலுள்ள எல்லை நீரில் தெரிவதில்லை. இரவிற் கரையருகே வரும் மடியைத் தடுப்பாரின்றேல், விதிக்கு அஞ்சி விலகிய எளியவன் இழப்பான். விதியை மீறிய வலியவன் கொள்வான்.

இனி, மீனவர் தரப்பையும் கேட்டல் வேண்டும். அவர் முன்னோர் புயற்காலத்தில் ஒதுங்கியதும், மீனும் வலையும் உலர்த்தியதும் இத்தீவுகளிலேயே. இன்று அங்கே கால் வைத்தல் குற்றம். கடலட்டை குளித்து வாழ்ந்தோர், 2001-ஆம் ஆண்டில் அட்டையினம் முழுதும் காப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டதும், கற்ற தொழிலை ஒருநாளில் இழந்தனர். எதிர்க்கரையான இலங்கையில் அத்தொழில் உரிமச்சீட்டுடன் நடைபெறுவதை அவர் அறிவர்; அதனால் அவர் மனக்குறை இன்னும் மிகும். பவளத்தை உடைத்தவன் சூளைக்காரனுக்குக் கூலி; அடித்தரையைச் சுரண்டியது பெரும்படகு; வேலியோ வள்ளக்காரன் கண்முன் எழுந்தது. இவ்வாறு அவர் கூறுவதில் உண்மை இல்லை என்று தள்ளிவிட இயலாது.

எனினும், காலமறிந்து கடலை மூடுதல் இக்கரையாருக்குப் புதிதன்று. முத்துப் பார்களை ஆண்டுதோறும் திறந்துவிடும் வழக்கம் என்றும் இருந்ததில்லை. சிப்பியை எடுத்துச் சோதித்து, அது முதிர்ந்ததென்று கண்டால் மட்டுமே குளிப்பு நடைபெறும். அன்றேற் பார் ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். சங்கு குளிப்பிலும் அளவு வளையம் ஒன்றிருந்தது. அதனுள் நுழையும் சிறு சங்கை மீண்டும் கடலிலேயே விட்டனர். ஞாயிறுதோறும் கடலுக்குச் செல்லாத கிறிஸ்தவப் பட்டினங்கள் இன்றும் உள்ளன. அது வழிபாடு பற்றிய ஓய்வேயாயினும், அந்நாளில் கடலும் ஓய்கின்றதன்றோ?

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. பாம்பனைச் சார்ந்த ஊர்களில், தீவுகளைச் சூழ்ந்த ஆழங்குறைந்த நீரில் மூழ்கிப் பாசி எடுத்து வாழும் மகளிர் பலர். முகத்திற் கண்ணாடியும் கையிற் சுற்றிய துணியுமே அவர்தம் கருவிகள். பூங்கா அமைந்தபின் அவர்கள் படகும் பாசியும் பறிபோயின, இழிசொல்லும் கேட்டனர். அவர்கள் சங்கமாகக் கூடினர். திங்களில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பதென்றும், இரும்புக் கருவியாற் பவளத்தைச் சுரண்டுவதில்லையென்றும், இனம் பெருகும் பருவத்தில் 45 நாள் எடுப்பதே இல்லையென்றும் தமக்குத் தாமே கட்டுப்பாடு செய்துகொண்டனர். அவர்களுள் ஒருவரான லட்சுமி என்பார்க்கு 2015-இல் உலகளாவிய சீகாலஜி பரிசு கிடைத்தது. வேலியால் விலக்கப்பட்டோரே வேலியைத் தாங்கும் கம்பமாயினர். சட்டத்தால் மட்டும் விளையாதது இங்கே உடன்பாட்டால் விளைந்தது.

மக்கள் அறிவு வேண்டப்படுவதற்கு வேறு காரணமும் உண்டு. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் மிகச் சூடேறியமையாற் பவளங்கள் நிறம் வெளுத்துப் பல இறந்தன. மாற்றுத் தொழிலாக வளர்க்கவென்று கொண்டுவரப்பட்ட அயல்நாட்டுப் பாசி ஒன்று, குருசடையை அடுத்த பவளத்தின்மேற் படர்ந்து அதனை மூச்சடைத்துக் கொன்றது. இத்தகைய மாற்றங்களை, நாள்தோறும் நீரில் இறங்குவோரே முதலிற் காண்பர். ஆய்வாளர் ஆண்டுக்கொருமுறை காண்பதை அவர் வைகறைதோறும் காண்கின்றனர். அவர் சொல்லுக்குச் செவிசாய்க்கும் ஏற்பாடு இல்லையேல் காவல் குருட்டுக் காவலாம்.

பாக்கு நீரிணையில் 2022-ஆம் ஆண்டு 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுவுக்கெனத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் காப்பகமாக்கினர். வலையிற் சிக்கிய கடற்பசுவை அறுத்து விடுவிக்கும் மீனவர்க்கு வெகுமதியும் அளிக்கப்படுகின்றது. வலையறுத்தவனுக்கு வலைக்கு ஈடு செய்தல், சிறிதாயினும் நேர்மையான தொடக்கம். அந்நெறியே மன்னார்க் குடாவிலும் ஓங்குதல் வேண்டும்: 3 கடல் மைல் எல்லை மெய்யாகக் காக்கப்படுக, தடையால் தொழிலிழந்தார்க்கு வேறு தொழில் முன்னரே அமைக்கப்படுக, எல்லை வகுக்கும் அவையில் வள்ளக்காரரும் பாசி எடுக்கும் மகளிரும் இடம் பெறுக.

விதைநெல்லைக் காப்பது உழவனுக்காகவே. உழவனைப் பட்டினியிட்டு விதையைக் காத்து என் பயன்? அக்குதிரின் திறவுகோல் காவலர் கையில் மட்டும் இராமல், கடலோடியின் கையிலும் இருத்தல் வேண்டும். அக்கரையூர்களினின்று வந்து நம்முடன் பயிலும் மாணவர் பலர் உளர். அவர் கல்வி கடலை மறக்கச் செய்யும் கல்வியாகாமல், தம்மூரார் சொல்லை அவையேற்றும் கல்வியாகுக.