வயிறு கீறிப் பெற்ற தாய்

பிள்ளையின் இதயத்துடிப்புக் குறைந்தாலோ, பேறு இடையில் தடைப்பட்டாலோ, கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டாலோ வைத்தியர்கள் அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். தாம் முறையாகப் பெறவில்லையென்று பிறகு மனம் நோகும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள்மேல் ஒரு குறையுமில்லை.

வெளித்தையல் ஆறினாலும் உட்காயம் ஆற ஏறத்தாழ 6 வாரம் செல்லும். அதுவரை பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்கலாகாது. தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் கணவன்மார் பொறுப்பு. குழாயடி வரிசையில் ஆண்கள் நிற்பது வெட்கமா? நாம் அப்படி நினைக்கவில்லை. படுத்தே கிடப்பதும் கூடாது. வைத்தியர் சொன்னதும் மெல்ல எழுந்து நடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துக் குறையும்.

பத்தியமென்று மீன், முட்டை, கீரையை மறுக்காதீர்கள். காயம் ஆற அவை வேண்டும். காய்ச்சல், காயத்தில் சீழ், நாற்றமுள்ள கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கம் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வைத்தியசாலையில் தரும் நோய் நிர்ணய அட்டையைப் பொலித்தீன் பையிலிட்டுக் காணி உறுதியோடு வையுங்கள். பழைய தழும்பு அடுத்த பேற்றுவலியில் வெடிக்கக்கூடும். ஆகவே அந்தப் பேறு வைத்தியசாலையிலேயே நடக்கவேண்டும். இடம்பெயர்ந்து போன ஊரில் உங்களை முன்பின் அறியாத வைத்தியர், முன்னர் ஏன் கீறினார்கள், எப்படிக் கீறினார்கள் என்றுதான் முதலில் கேட்பார்.