களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதை எஞ்சின்

யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 5 அடி 6 அங்குலம். இலங்கையில் அதன் அரைவாசிக்கும் குறைந்த, 2 அடி 6 அங்குல (762 மி.மீ.) அகலமான பாதைகளும் இருந்தன. அவற்றுள் நெடுங்காலம் நிலைத்தது களனிப் பள்ளத்தாக்குப் பாதையாகும்.

1902இல் கொழும்பிலிருந்து அவிசாவளை வரை திறக்கப்பட்ட இது, 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் நீட்டப்பட்டது. ஏன் ஒடுக்கமாக அமைத்தனர்? ஒடுங்கிய பாதையைக் கூடிய வளைவுகளுடன் போடலாம். மண் வெட்டும் செலவும் குறையும். தோட்டங்களின் தேயிலையும் பின்னர் இறப்பரும் இதனால் கொழும்பை அடைந்தன. (விடையில் இறப்பரைப் பலர் விட்டுவிடுகின்றனர்.)

இங்கு உழைத்தவை ஜே 1 வகுப்பு நீராவி எஞ்சின்கள். நீரையும் எரிபொருளையும் தனிப்பெட்டியில் இழுக்காமல் தம்மீதே சுமந்தன. சக்கர அமைப்பு 4-6-4. நடுவிலுள்ள ஆறு சக்கரங்களே இழுப்பவை. முன்னும் பின்னுமுள்ள நான்கு நான்கும் பாரத்தைத் தாங்கி வளைவில் வழிகாட்டுபவை. இரு முனையும் ஒத்திருப்பதால் எஞ்சினைத் திருப்பாமலே இரு திசையிலும் ஓட்டலாம். சுமந்த நீரின் பாரம் இழுக்கும் சக்கரங்களுக்குப் பிடிமானம் தந்தது. நீர் குறையக் குறையப் பிடிமானமும் குறைந்தது.

பின்னர் டீசல் எஞ்சின்கள் வந்தன. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி மூடப்பட்டது. எஞ்சிய பாதை 1990களில் அகலப் பாதையாக்கப்பட்டது. பயணிகளுக்கு அது நன்மையே. ஆனால் பழைய எஞ்சின் ஓடத் தண்டவாளமே இல்லாமற் போயிற்று.

220ஆம் இலக்க ஜே 1 எஞ்சின், 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் திறக்கப்பட்ட தேசிய புகையிரத நூதனசாலையில் பாதுகாக்கப்படுகிறது. கண்டிச் சுற்றுலாவின்போது அதன் சக்கரங்களை எண்ணிப் பாருங்கள்: பதினான்கு. அருகே செல்லும் கொழும்பு–கண்டிப் பாதையில் அதனால் ஓரடிகூட நகர முடியாது.