ஒன்பது பங்குக்காரர்

2024 மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகன் கூப்பிட்டான். டெஸ்லாவில் அவனுக்கு நாற்பது பங்குகள் உண்டு. ஓட்டுப் போடச் சொல்லி மெயில் வந்திருந்ததாம்.

"சித்தப்பா, கம்பெனிய டெலவேர்ல இருந்து டெக்ஸாஸுக்கு மாத்தலாமான்னு கேக்கறாங்க. கம்பெனிதான் ஏற்கெனவே டெக்ஸாஸ்ல இருக்கே?"

சென்னையில் இருபத்தெட்டு வருஷமாகக் கம்பெனி செகரட்டரி வேலை பார்ப்பவனிடம்தான் இந்தச் சந்தேகத்தைக் கேட்க வேண்டும். டெஸ்லாவின் தலைமையகம் 2021 டிசம்பரிலேயே ஆஸ்டினுக்குப் போய்விட்டது, வாஸ்தவம். ஆனால் கம்பெனி 2003இல் பதிவானது டெலவேரில். நம் நாட்டில் கம்பெனிச் சட்டம் ஒன்றுதான். பதிவு அலுவலகத்தைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றினால் ரீஜனல் டைரக்டர் அனுமதி, பத்திரிகை விளம்பரம், படிவங்கள் என்று அலைச்சல் உண்டு. பங்குதாரரின் உரிமையோ இயக்குநரின் கடமையோ மாறாது. அமெரிக்காவில் மாறும். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனிக் கம்பெனிச் சட்டம். தொழிற்சாலை எங்கே இருந்தாலும், பதிவான மாநிலத்தின் சட்டம்தான் கம்பெனியின் உள்விவகாரங்களுக்குச் செல்லும்.

டெலவேரின் மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும். வில்மிங்டன் நகரில் நார்த் ஆரஞ்சு தெருவில் 1209ஆம் எண் கட்டடம் ஒன்றுக்கே இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் விலாசம் கொடுத்திருக்கின்றன. எல்லாம் வரிக்காக என்று சொல்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து, பெரிய கம்பெனிகளை இழுப்பது அந்த ஊர்க் கோர்ட்தான். சான்சரி கோர்ட் என்று பெயர், 1792இல் தொடங்கியது. ஜூரி கிடையாது. கம்பெனித் தகராறுகளிலேயே ஊறிய நீதிபதிகள் விசாரிப்பார்கள். தீர்ப்பு எப்படிப் போகும் என்று வக்கீலால் ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும்.

அந்தக் கோர்ட்டுக்குத்தான் 2018இல் டெஸ்லா பங்குதாரர் ஒருவர் போனார். அவர் கையில் இருந்தவை ஒன்பது பங்குகள். அவர் எதிர்த்தது ஈலான் மஸ்க்குக்குத் தருவதாக இருந்த 5,580 கோடி டாலர் வரை பெறக்கூடிய பங்கு உரிமைகளை. கம்பெனியின் சந்தை மதிப்பு 10,000 கோடி டாலரில் தொடங்கி 65,000 கோடி வரை பன்னிரண்டு படிகள் ஏற வேண்டும். வருமானம், லாப இலக்குகளும் உண்டு. ஒவ்வொரு படிக்கும் ஒரு சதவீதப் பங்கு. பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட திட்டம்தான். மஸ்க் அத்தனை படிகளும் ஏறியும் விட்டார்.

2024 ஜனவரி 30 அன்று நீதிபதி கேத்லீன் மெக்கார்மிக் அதை ரத்து செய்தார்.

தொகை பெரிது என்பதற்காக மட்டும் டெலவேர் கோர்ட் கை வைக்காது. டிஸ்னியில் மைக்கேல் ஓவிட்ஸ் பதினான்கு மாதம் வேலை பார்த்து, சுமார் 13 கோடி டாலரோடு வெளியே போனார். பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2005இல் அதே சான்சரி கோர்ட், இயக்குநர்களின் நடத்தை மெச்சத்தக்கதாக இல்லை, ஆனாலும் அது அவர்கள் எடுத்த வியாபார முடிவு என்று விட்டுவிட்டது. பேரத்தின் எதிர்ப்பக்கம் உண்மையில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்பதை மட்டும் அங்கே துருவிப் பார்ப்பார்கள். டெஸ்லாவில் அந்த நாற்காலி ஏறத்தாழ காலி. மஸ்க் கையில் அப்போது 21.9 சதவீதப் பங்கு. சம்பளத்தைப் பேசி முடிக்க வேண்டிய கமிட்டியில் அவருடைய பழைய நண்பர்கள். கம்பெனியின் தலைமைச் சட்ட அதிகாரி, முன்பு மஸ்க்கின் விவாகரத்து வழக்கறிஞர். மஸ்க்கைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது நெகிழ்ந்து கண் கலங்கியவர். தீர்ப்பில் இது இருக்கிறது. இயக்குநர்கள் சுயேச்சையானவர்கள் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்களிடம் இந்த உறவுகள் முழுதாகச் சொல்லப்படவில்லை என்றார் நீதிபதி. நான் மினிட்ஸ் எழுதிய போர்டு கூட்டங்களிலும் சம்பள விஷயம் வரும்போது அறையில் ஒரு தனி அமைதி இறங்கும். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது.

இவ்வளவையும் சொன்னேன். "இனிமே டெலவேர்ல யாரும் கம்பெனி பதிவு பண்ணாதீங்கன்னு மஸ்க்கே எழுதிட்டாரே சித்தப்பா" என்றான். டெக்ஸாஸுக்கே ஓட்டுப் போட்டான். ஜூன் 13 அன்று மாற்றமும் நிறைவேறியது, ரத்தான சம்பளத்துக்கு மறு ஒப்புதலும் கிடைத்தது. தீர்ப்புக்குப் பின் வரும் ஓட்டு செல்லாது என்று டிசம்பரில் மெக்கார்மிக் மறுத்தார்.

பிறகு டெலவேருக்கே பயம் வந்துவிட்டது. கம்பெனிகள் கட்டும் கட்டணத்தில் ஓடும் மாநிலம் அது. 1913இல் நியூ ஜெர்சி சட்டத்தை இறுக்கியபோது, அங்கிருந்து கிளம்பிய கம்பெனிகளால்தான் டெலவேர் கொழித்தது. வந்த வழியே போகவும் செய்யும் என்று அதற்குத் தெரியாதா? 2025 மார்ச்சில், கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருக்கும் பங்குதாரரின் பேரங்களைக் கோர்ட்டில் அசைப்பதைக் கடினமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. டிசம்பரில் டெலவேர் உச்ச நீதிமன்றம், ஆறு வருஷ உழைப்புக்கு ஒன்றுமே தராமல் விடுவது முறையல்ல என்று பழைய சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தது. வழக்குப் போட்டவர் தரப்புக்குப் பெயரளவு நஷ்டஈடு: ஒரு டாலர்.

நம் சட்டத்தைப் பற்றி மார்தட்டிக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. நிர்வாகிகளின் மொத்தச் சம்பளம் நிகர லாபத்தில் 11 சதவீதத்துக்குள் என்று 197ஆம் பிரிவு வரம்பு வைக்கிறது. பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதைத் தாண்டவும் வழி விடுகிறது. நிர்வாகக் கொடுமை என்று தீர்ப்பாயத்துக்குப் போக, பொதுவாக நூறு உறுப்பினராவது, பத்தில் ஒரு பங்கு உறுப்பினராவது சேர வேண்டும். இல்லையென்றால் பத்து சதவீத மூலதனமாவது கையில் வேண்டும். தீர்ப்பாயம் மனசு வைத்துத் தளர்த்தினால் உண்டு.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த வாரம் அண்ணன் மகனிடமிருந்து மறுபடி போன். "டெக்ஸாஸ்ல இப்ப நான் இந்த மாதிரி கேஸ் போட முடியுமா சித்தப்பா?"

2025 மே மாதம் டெக்ஸாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கம்பெனி விரும்பினால், தன் சார்பில் இயக்குநர்கள் மீது வழக்குத் தொடுப்பவர் தனியாகவோ கூட்டாகவோ மூன்று சதவீதம் வரை பங்கு வைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம். டெஸ்லா அதே மாதம் மூன்று சதவீதம் என்று வைத்துவிட்டது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒன்பதரைக் கோடிப் பங்குக்கு மேல் வந்தது.

"உன்கிட்ட எத்தன இருக்கு?"

"அதே நாப்பதுதான்."