ஸ்லைடுகளைக் காணொளியாக்க எந்த மென்பொருள்? முதலில் கேட்கவேண்டிய கேள்வி

கடந்த வருடம் முல்லைத்தீவு மாவட்டத்தில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சிலரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். ஒரு அம்மா பென்டிரைவ் ஒன்றைத் தந்தார். அயல்வீட்டுப் பிள்ளை பவர்பொயின்ட்டில் செய்துகொடுத்த 22 ஸ்லைடுகள் அதில் இருந்தன. மகனின் பாடசாலைப் படம், அடையாள அட்டைப் பிரதி, ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதங்கள். "தம்பி, வெளிநாட்டில இருக்கிற சொந்தங்களுக்கு இது போனில வடிவாத் திறபடுதில்லையாம். வீடியோவாக்கித் தாங்கோ" என்றார்.

அன்றிரவே இணையத்தில் தேடி, முதலில் வந்த இலவசத் தளமொன்றில் கோப்பைப் பதிவேற்றினேன். சில நிமிடங்களில் காணொளி வந்தது. மகனின் முகத்துக்குக் குறுக்கே அந்தத் தளத்தின் பெயர். தமிழ் வரிகளெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக மாறியிருந்தன.

பெரிய பிழையை மறுநாள்தான் உணர்ந்தேன். ஒரு ஸ்லைடில் குழுப்படமொன்றிலிருந்து மகனை மட்டும் வெட்டி வைத்திருந்தார்கள். பவர்பொயின்ட்டில் படத்தை 'குரொப்' செய்தால் வெட்டிய பகுதி கண்ணுக்கு மறையும். கோப்பிலிருந்து தானாக அழியாது. மகனுக்குப் பக்கத்தில் நின்ற, இன்றும் ஊரில் வாழும் இருவரின் முகங்களை யாருடையதென்றே தெரியாத சேர்வருக்கு அனுப்பியிருந்தேன். ஊடகக் கற்கையில் பட்டம் பெற்ற எனக்கே இது தோன்றவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அந்த இருவருக்கும் அவரே போய்ச் சொன்னார்.

ஆகவே, மென்பொருளைத் தெரிவுசெய்யும்போது விலையையும் வசதியையும் பார்க்கமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: என் கோப்பு இந்தக் கணினியை விட்டு வெளியே போகிறதா? போகிறதென்றால், சாட்சியங்களுக்கும் குடும்பப் படங்களுக்கும் அது வேண்டாம்.

வேறு மென்பொருள் தேடத் தேவையில்லாமலும் போகலாம். பவர்பொயின்ட் 2010 முதல் காணொளியாக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. புதிய பதிப்புகளில் 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட்', 'கிரியேட் எ வீடியோ' என்று போகவேண்டும். ஒரு ஸ்லைடுக்கு 5 செக்கன்கள் என்றே அது வைத்திருக்கும். கடிதங்களை வாசிக்க அது போதாது, கூட்டிவிடுங்கள். கைபேசியில் பார்ப்பதற்கு 720பி தரம் போதும். ஆவணமாகப் பேணுவதற்கு 1080பி.

பவர்பொயின்ட் இல்லாதவர்கள் லிப்ரே ஒபிஸைத் தரவிறக்கி ஸ்லைடுகளைத் திறந்து ஓடவிட்டு, ஓபிஎஸ் ஸ்டூடியோ மூலம் திரையைப் பதிவுசெய்யலாம். இரண்டும் இலவசம். காணொளியில் தளப்பெயர் விழாது. கோப்பும் உங்கள் கணினியிலேயே இருக்கும்.

எழுத்துரு எங்களுக்கே உரிய தலையிடி. எங்கள் ஊர்களில் இன்னும் பலர் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினி நிறுவப்படாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்தாகவே தெரியும். பாமினி உள்ள கணினியிலேயே காணொளியாக்குங்கள். அல்லது முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். காணொளியான பிறகு பார்ப்பவரிடம் எழுத்துரு இருக்கவேண்டிய அவசியமில்லை.

முகத்தை மறைக்கக் கறுப்புப் பெட்டி வைத்திருந்தால், ஸ்லைடுக் கோப்பைப் பெறும் எவரும் அதை நகர்த்திவிடலாம். காணொளியில் அது படத்தோடு ஒன்றாகிவிடும். ஆனால் பெட்டிக்கு 'அனிமேஷன்' கொடுத்திருந்தால், அது வந்து விழும்வரை முகம் தெரியும். அனுப்பமுன் முழுவதையும் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள்.

குரலையும் சேர்க்கலாம். பவர்பொயின்ட்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனியாகக் குரல் பதியலாம். அந்த அம்மா கடைசி ஸ்லைடில் பேச முடியாமல் நிறுத்திவிட்டார். இன்னொரு நாள் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் பதிந்தோம். முழுவதையும் மறுபடி சொல்லவைக்கும் கொடுமை அவருக்கு நேரவில்லை.

வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, கடித எழுத்துகள் மங்கலாம். 'டொக்கியூமென்ட்' ஆக அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் ஒருமுறை கைமாறிய காணொளியைத் திரும்ப வாங்க முடியாது. படத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

காணொளி கிடைத்துவிட்டதென்று ஸ்லைடுகளையும் மூலப் படங்களையும் அழித்துவிடாதீர்கள். இரண்டு பென்டிரைவ்களில் பிரதி எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். இடம்பெயர்ந்தபோது படப்பெட்டிகளைத் தொலைத்தவர்கள் நாங்கள். இருக்கும் படங்களையாவது காப்போம்.