உம்மம்மாவின் சீனிக் கணக்கு

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் உம்மம்மாவின் சீனி பார்க்கும் மெசினும் ஒரு சீஆர் கொப்பியும் இருக்கும். விரலைக் குத்தி, ஸ்ட்ரிப்பில் இரத்தம் வைத்து, வரும் எண்ணைக் கொப்பியில் எழுதி வைப்பார். கிளினிக்கில் டொக்டர் பார்ப்பது அந்தக் கொப்பியைத்தான்.

போன வருட நோன்பில் பன்னிரண்டு நாட்கள் கழிந்திருந்தன. அடுத்த கிழமை கிளினிக். கொப்பியைப் புரட்டினேன். 118, 124, 131, 120. ஒரு எண்கூட 100க்குக் கீழே இல்லை. ஆனால் அஸருக்குப் பிறகு உம்மம்மா வியர்த்துப்போய்ச் சாய்மனைக் கதிரையில் கிடந்ததை நான் இரண்டு தடவை கண்டிருந்தேன். கேட்டதற்கு, "நோம்பென்டா களைப்பு இரிக்கும்தானே மகள்" என்று முடித்துவிட்டார்.

கொப்பியில் எழுதாவிட்டாலும் மெசின் மறப்பதில்லை. பெரும்பாலான மெசின்கள் சில நூறு அளவீடுகளைத் திகதி, நேரத்தோடு சேமித்து வைக்கின்றன. இடம் நிறைந்தால் மிகப் பழையது அழிந்து புதியது ஏறும். அதனால் அவ்வப்போது கணினிக்கு மாற்றி வைப்பது நல்லது. சில மெசின்களை யூஎஸ்பி கேபிளால் இணைக்கலாம். சில புளூடூத் வழியாகப் பேசும். சாதாரணமாக போன் சார்ஜ் செய்யும் கேபிள் பொருந்தினாலும், சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், தரவைக் கடத்தா. இது தெரியாமல் நான் ஒரு பின்னேரத்தை வீணாக்கினேன். மெசின் தயாரிப்பாளரின் மென்பொருளையோ, பல வகை மெசின்களுக்கு இலவசமாக உதவும் டைட்பூல் போன்றதையோ பயன்படுத்தலாம். எங்கள் மெசின் ஒரு கோப்பைத் தந்தது. அதை எக்செல்லில் திறந்தேன்.

முதல் சிக்கல் திகதி. கோப்பில் மாதம் முன்னால் இருந்தது. எங்கள் கணினியோ நாளை முன்னால் வாசிக்கும். ஆகவே 03/11 என்ற மார்ச் 11 நவம்பர் 3 ஆகிவிட்டது. 03/13 எதற்கும் பொருந்தாமல் வெறும் எழுத்தாக நின்றது. கோப்பைத் திறக்கும்போதே திகதி எந்த ஒழுங்கில் உள்ளது என்று எக்செல்லுக்குச் சொல்ல வேண்டும்.

அதைத் திருத்தியதும் கொப்பியில் இல்லாத எண்கள் தெரிந்தன. 66, 61, 68. 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே திறக்க வேண்டும் என்று டொக்டர் நோன்புக்கு முன்பே சொல்லியிருந்தார். நேரம் எல்லாவற்றுக்கும் அதிகாலை நாலரையை ஒட்டியிருந்தது. இரவில் குறைகிறது என்று நினைத்து உம்மாவிடம் ஓடினேன்.

உம்மா கேட்டது ஒரே கேள்வி. "சஹர் நேரத்தில அவ எப்ப குத்தினா? நானும் அவவோடதானே இரிக்கிறன்."

உம்மம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அஸர் தொழுதுட்டுத்தான் குத்தினன். எழுதினா நோம்பை உடச் சொல்லுவாங்க" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேலாக விடாத நோன்பு அது.

நோன்புக்கு முன் பற்றரி மாற்றியபோது மணியைப் பிழையாக வைத்தது நான்தான். பின்னேரத்தைக் காலை என்று போட்டதால் மெசின் பன்னிரண்டு மணித்தியாலம் பின்னால் ஓடியிருக்கிறது. எக்செல்லில் ஒரு நாள் என்பது 1. ஆகவே பற்றரி மாற்றிய பின் எடுத்த ஒவ்வொரு நேரத்தோடும் 0.5 கூட்டினேன். எல்லாம் தம் இடத்துக்குத் திரும்பின. மெசின் மணியையும் திருத்தினேன்.

இது சின்னப் பிழை அல்ல. உம்மம்மா சீனிக் குளிசையை சஹரிலும் நோன்பு திறந்த பிறகும் எடுக்கிறார். நாலரை அதிகாலை என்றால் இரவுக் குளிசையில் சந்தேகம் விழும். நாலரை பின்னேரம் என்றால் சஹர்க் குளிசையில்.

சராசரியையும் போட்டுப் பார்த்தேன். 127 வந்தது. அழகான எண், ஆனால் 61ம் 193ம் சேர்ந்தாலும் 127தான். அதனால் அளவீடுகளை நேரப்படி பிரித்து அச்செடுத்தேன். நடுவில் 287 ஒன்றும் இருந்தது. அது மாம்பழம் வெட்டிய கையைக் கழுவாமல் குத்தியது என்று கொப்பி ஓரத்தில் உம்மம்மாவே எழுதியிருந்தார். அது மெசினுக்குத் தெரியாது. அதனால் கொப்பியையும் கொண்டு போனோம்.

டொக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சஹர்க் குளிசையைக் குறைத்தார். இரண்டு நாள் பார்ப்போம், மறுபடி 70க்குக் கீழே வந்தால் இந்த வருடம் போதும் என்றார். உம்மம்மா தலையாட்டினார்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டார். கையில் மெசின். "மகள், இதுல மணி சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் விரலை நீட்டினார். 94.