பெட்டிக்குள் பணம் இல்லை

கையால் தொட்டறிய முடியாததாயினும், ஒருவர் உரிமையோடு அனுபவிக்கவும் மற்றொருவரிடம் நம்பி ஒப்படைக்கவும் தக்கதாக இருப்பதால், கிரிப்டோ நாணயமும் சொத்தே என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்தவர், வசீர்எக்ஸ் என்னும் சந்தை நிறுவனத்தின் மூலம் சுமார் இரண்டு லட்ச ரூபாய்க்கு 3,532 எக்ஸ்.ஆர்.பி. நாணயங்களை வாங்கி, அவற்றை அந்நிறுவனத்தின் பொறுப்பிலேயே விட்டு வைத்திருந்தவர். 2024 ஜூலை 18 அன்று அங்கே ஏறத்தாழ 23 கோடி டாலர் களவு போயிற்று. களவு போனவை வேறு ஜாதி நாணயங்களே என்றாலும், இவருடைய கணக்கும் சேர்ந்து முடங்கிற்று.

சாமையும் தேனும் விளையும் ஜவ்வாது மலைக்கும் இந்த வியாஜ்யத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். கைப்பேசியில் அலை கிடைக்கும் இடமெல்லாம் இந்த நாணயமும் கிடைக்கிறது; ஜமுனாமரத்தூரில் அமர்ந்து ஓர் இளைஞர் ஐந்நூறு ரூபாய்க்கு அதை வாங்கினாலும், அதன் சாவி அவர் கைக்கு வருவதில்லை, நிறுவனத்தின் கையிலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்புவோருக்காக ஏற்பட்ட உபகரணம்தான் ஹார்டுவேர் வாலட். முதன்முதலில் 2014-இல் செக் நாட்டின் பிராக் நகரத்தார் டிரெஸர் என்ற பெயரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பின்னர் பிரான்ஸின் லெட்ஜர் நிறுவனமும் வந்து சேர்ந்தது.

வாலட் என்ற பெயரைக் கேட்டு அதற்குள் பணம் இருப்பதாக எண்ணிவிடலாகாது. நாணயக் கணக்கு உலகெங்கும் உள்ள கணினிகளில் எழுதப்பட்ட பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதில் நம் பங்கை நகர்த்துவதற்கு வேண்டிய சாவியாகிய ரகசிய எண் மட்டுமே இச்சிறு கருவிக்குள் இருக்கிறது. காவலூரில் வானோக்கு நிலையம் அமைத்தவர்கள், ஊர் விளக்கொளி எட்டாத இருட்டைத் தேடி இம்மலைக் காட்டுக்கு வந்ததைப் போல, இக்கருவியைச் செய்தவர்களும் இணையம் எட்டாத ஓரிடத்தைத் தேடினர். கணினியிலோ கைப்பேசியிலோ இணைத்தாலும் அந்த எண் வெளியே வராது. கையொப்பம் உள்ளேயே இடப்பட்டு, அது மட்டுமே வெளிச் செல்லும்.

வாங்கும்போதே ஜாக்கிரதை தொடங்க வேண்டும். தயாரித்தவரிடமோ அவரால் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ அன்றி, பழையது மலிவு என்று வேறெவரிடமும் வாங்கலாகாது. 2020-இல் லெட்ஜரின் வாடிக்கையாளர் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோரின் முகவரிகள் கசிந்தன. அடுத்த ஆண்டில் அவர்களுள் சிலருக்குத் தபாலில் போலிக் கருவிகளே வந்தன. மீட்புச் சொற்கள் முன்னதாகவே அச்சிடப்பட்ட அட்டையோடு பெட்டி வந்தால், அது மோசடி என்பதில் ஐயமே வேண்டாம்.

அந்த மீட்புச் சொற்களே இவ்விஷயத்தின் உயிர்நிலை. முதன்முறை இயக்கும்போது, 2013-இல் வகுக்கப்பட்ட 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் கருவி தானே தேர்ந்து தன் திரையில் காட்டும். கருவி தொலைந்தாலும், கருவியைத் திறக்கும் பின் எண்ணைப் பலமுறை தவறாக இட்டதால் அது தன்னைத்தானே அழித்துக்கொண்டாலும் (லெட்ஜருக்கு மூன்று முறை போதும்), வேறொரு கருவியில் அச்சொற்களை அதே வரிசையில் இட்டால் எல்லாம் மீளும். பட்டியல் ஆங்கிலத்தில் உண்டு, ஜப்பானிய மொழியிலும் வேறு சில மொழிகளிலும் உண்டு, தமிழில் இல்லை. ஆகவே ஆங்கிலப் பழக்கம் குறைந்தவருக்கு, விண்ணப்பம் எழுதித் தரச் சொல்வது போல, இதையும் படித்த பிள்ளை யாரிடமாவது எழுதித் தரச் சொல்லும் சபலம் எழுவது இயல்பு. என் அபிப்பிராயத்தில் மலையூர்களில் இதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை, ஏனெனில் அச்சொற்களைப் பார்த்தவர் அந்தச் சொத்தைக் கையில் எடுத்துக்கொண்டவரே ஆவார். ஆங்கிலப் பட்டியலில் எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இரா. எனவே எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் அந்த நான்கை மட்டும் பிழையின்றித் தம் கையாலேயே எழுதிக்கொண்டால் போதும்.

புகைப்படம் எடுப்பதோ வாட்ஸ்அப்பில் தமக்கே அனுப்பிக்கொள்வதோ கூடவே கூடாது. காகிதத்துக்கோ மழைக்காலத்து ஈரமும் கரையானும், கூரை வீடாயின் நெருப்பும் சத்துரு. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் பொறித்து, இரண்டு இடங்களில் வைப்பது உத்தமம். பணம் போடுவதற்கு முன்பே கருவியை வேண்டுமென்றே அழித்து, அச்சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்த்துவிடவேண்டும். பலர் இதைச் செய்வதில்லை.

இவ்வளவும் செய்தபின் வரும் நிம்மதியே ஓர் ஆபத்து. வசீர்எக்ஸ் களவில் அனுமதி வழங்கிய அதன் அதிகாரிகள் மூவரும் ஹார்டுவேர் வாலட்டைத்தான் உபயோகித்தார்கள் என்று அந்நிறுவனமே சொல்லிற்று. திரையில் அவர்கள் கண்டது ஒன்று, கையொப்பம் பெற்றது வேறொன்று. 2025 பிப்ரவரியில் பைபிட் என்னும் மற்றொரு சந்தை நிறுவனம் ஏறத்தாழ 150 கோடி டாலரை இழந்ததும் இதே விதமான சூழ்ச்சியில்தான். கணினித் திரை பொய் சொல்லக்கூடும். பெறுபவரின் முகவரியைக் கருவியின் சிறு திரையில் முழுதும் ஒப்பிட்டு, முதலில் சொற்பத் தொகையை அனுப்பிப் பார்த்தபின் மிச்சத்தை அனுப்புவதே விவேகம்.

சாவி தன்னிடம் வந்தாலும் வரி விலகாது. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம் அரசுக்கு உரியது.

இனி, சொந்தக்காரர் காலமானால் என்ன ஆகும்? நீதிமன்றம் சொத்தென்று சொல்லிவிட்டது. வட்டாட்சியரும் வாரிசுச் சான்றிதழ் தருவார். ஆனால் வங்கி மேலாளரைப் போல அதை வாங்கிப் பார்த்துக் கணக்கை மாற்றிக் கொடுக்க இங்கே எவரும் இல்லை. ஆகவே எஃகுத் தகடு எங்கே இருக்கிறது, அதை என்ன செய்யவேண்டும் என்ற இரண்டை மட்டும், சொற்களைச் சொல்லாமல், மனைவியிடமோ மூத்த மகளிடமோ இப்போதே சொல்லி வைக்கவேண்டும்.